ட்யூப் தடிமனாக இருந்தால் இறக்கை பலமாகிவிடுமா?

வாசகர் கேள்வி: சார், நான் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் சிஎன்சி வேலை. நானும் நண்பரும் வெளிநாட்டிலிருந்து வரைபடம் வாங்கி ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன விமானம் கட்டிக்கொண்டிருக்கிறோம். இறக்கை மேலே, கீழிருந்து ஸ்ட்ரட் (சாய்வான தாங்குகம்பு) தாங்கும் வகை. மொத்த எடை 250 கிலோ, ஒரு பக்க இறக்கை 4.5 மீட்டர். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாருக்கு 6061-டி6 அலுமினியம், இரண்டரை அங்குல ட்யூப், சுவர் 0.065 அங்குலம் என்று வரைபடத்தில் இருக்கிறது. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் அதே இரண்டரை அங்குலத்தில் 3 மி.மீ. சுவர் உள்ள 6063 ட்யூப் கிடைக்கிறது, விலை ரொம்பக் குறைவு. தடிமன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பதால் பலமும் கூடத்தானே செய்யும்? நீளம் பன்னிரண்டு அடிதான் வருகிறது, டிக் வெல்டிங்கில் நீட்டித் தருகிறேன் என்கிறார் தெரிந்த வெல்டர். அது வேண்டாம் என்றால் 2024 என்ற அலுமினியக் கலவையை வரவழைத்து இன்னும் மெல்லிய சுவரில் போடலாமா? சாம்பிளுக்கு இரண்டு ட்யூப் ஏற்கெனவே வாங்கிவிட்டோம்.

பதில்:

தம்பி, வெட்டுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கே முதலில் நன்றி. பாதிப் பேர் துளை போட்ட பிறகுதான் கேட்கிறார்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த 6063 ட்யூபை ஸ்பாராகப் போடாதீர்கள், வெல்டிங் எந்த நிலையிலும் கூடாது, 2024-ஐ மெல்லிசாக்கிப் போடுவதும் வேண்டாம். ஆனால் 'போடாதே' என்று மட்டும் சொன்னால் நாளைக்கு இன்னொரு கடைக்காரர் இன்னொரு ட்யூபைக் காட்டும்போது உங்களுக்கு அது உதவாது, அதனால் கணக்கோடு சொல்கிறேன். நீங்கள் மெஷின் ஷாப் ஆள், எண்களுக்குப் பயப்பட மாட்டீர்கள்.

இறக்கைக்கு எவ்வளவு வருகிறது என்று முதலில் பார்ப்போம். 250 கிலோ விமானம் 4ஜி, அதாவது தன் எடையைப் போல நாலு மடங்கு, இழுத்தால் இறக்கைகள் 1000 கிலோ தாங்க வேண்டும், பக்கத்துக்கு 500. இறக்கையின் சொந்த எடை இதில் கொஞ்சம் கழியும், பாதுகாப்புக்காக அதை விட்டுவிடுகிறேன். மூக்கைத் தூக்கி மெதுவாகப் பறக்கும் நிலையில் முன், பின் என்ற இரண்டு ஸ்பார்களில் முன் ஸ்பார் மட்டும் சுமார் 70 சதவீதம் சுமக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரட் எங்கே பிடிக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, உடம்பிலிருந்து 2.8 மீட்டரில் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு வெளியே 1.7 மீட்டர் தொங்கலாக நிற்கும். அந்தத் தொங்கலின் சுமை முழுவதும் ஸ்பாரை வளைப்பது ஸ்ட்ரட் பிடிக்கும் இடத்தில்தான், அங்கே வளைக்கும் திருப்புவிசை சுமார் 1100 நியூட்டன் மீட்டர். உங்கள் வரைபட அளவை வைத்து இதை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இப்போது ட்யூப். வரைபடத்தில் உள்ள 63.5 மி.மீ. வெளிவிட்டம், 1.65 மி.மீ. சுவருக்கு செக்ஷன் மாடுலஸ் (வளைவைத் தாங்க அந்த வடிவம் தரும் அளவு) சுமார் 4830 கன மி.மீ. வருகிறது. இழுத்துச் செய்த 6061-டி6 ட்யூப் நிரந்தரமாக வளையத் தொடங்குவதற்கு உத்தரவாதமான குறைந்தபட்ச அளவு 240 மெகாபாஸ்கல். இரண்டையும் பெருக்கினால் 1160 நியூட்டன் மீட்டர். தேவை 1100, கையில் 1160. வரைந்தவர் வீணாக ஒரு கிராம்கூடப் போடவில்லை, குறைக்கவும் இல்லை.

உங்கள் 3 மி.மீ. ட்யூபுக்கு மாடுலஸ் சுமார் 8240. இதில் 6063-டி6-இன் குறைந்தபட்சமான 170 மெகாபாஸ்கலைப் போட்டால் 1400 வருகிறது. அதாவது நீங்கள் நினைத்தது காகிதத்தில் சரிதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதே 6063 டி5 ஆக இருந்தால் குறைந்தபட்சம் 110தான், திருப்புவிசை 900 சொச்சத்துக்கு இறங்கிவிடும், 4ஜியில் ஸ்பார் வளைந்தபடியே நிற்கும். அடுப்பில் வைத்துப் பதமாக்காமலே கட்டி அனுப்பிய சரக்காக இருந்தால் 500 பக்கம். மூன்றும் ஒரே உலோகம், ஒரே தடிமன், ஒரே பளபளப்பு. அச்சிலிருந்து வெளியே வரும்போது எவ்வளவு வேகமாகக் குளிரவைத்தார்கள், அப்புறம் அடுப்பில் எத்தனை மணி நேரம் வைத்தார்கள் என்பதில்தான் இந்த வித்தியாசம் முழுக்க இருக்கிறது. அதைத்தான் டெம்பர் என்கிறோம். கண்ணால் பார்த்தோ, தட்டிப் பார்த்தோ யாராலும் சொல்ல முடியாது.

கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. 6063 என்பது ஜன்னல், கதவு, பார்ட்டிஷன் வேலைக்கு என்றே இருக்கும் கலவை, அச்சில் அழகாக வரும், அனோடைஸ் நன்றாகப் பிடிக்கும். அங்கே டெம்பரை யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஜன்னல் சட்டம் கொஞ்சம் வளைந்தால் கொசு உள்ளே வரும், அவ்வளவுதான். உங்களுக்கு அப்படியில்லை.

நான் வேலையில் இருந்த காலத்தில் சோதனை மேடை ஒன்றுக்கு ட்யூப் வந்து இறங்கியது. கட்டின் மேல் மார்க்கர் பேனாவால் 6061 என்று எழுதியிருந்தது, எல்லாரும் நம்பிவிட்டோம். சுமை ஏற்றும்போது ஒரு குழாய் மட்டும் மற்றவற்றைவிட முன்னாலேயே தொய்ந்து அப்படியே நின்றது. வெட்டிச் சோதித்தால் அந்தக் கட்டில் இரண்டு கலவை கலந்திருந்தது. மேடைதான், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பேனாவால் எழுதியதை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம் எடை. வரைபட ட்யூப் மீட்டருக்கு 0.87 கிலோ, உங்களுடையது 1.54 கிலோ. இரண்டு இறக்கைக்கும் முன் ஸ்பார், பின் ஸ்பார் சேர்த்து 18 மீட்டர். கூடுவது 12 கிலோ. 250 கிலோ விமானத்தில் 12 கிலோ என்பது சுமார் 16 லிட்டர் பெட்ரோலின் எடை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, எஞ்சின் ஏற்கெனவே மெல்லிய காற்றில் மூச்சு வாங்கும் ஊர், அதன் தலையில் இதையும் ஏற்ற வேண்டாம்.

தடிமனைக் கூட்டுவது பலம் கூட்டும் வழிகளிலேயே மோசமான வழி என்பதையும் பார்த்துவிடுங்கள். அதே 1.65 சுவரை வைத்துக்கொண்டு விட்டத்தை மூன்று அங்குலமாக்கினால் எடை மீட்டருக்கு 1.04 கிலோதான், ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு உங்கள் 3 மி.மீ. ட்யூபைவிடச் சற்று அதிகமாகவே வரும். விட்டம் மூன்றாம் அடுக்கில் வேலை செய்கிறது, சுவர் ஒரே அடுக்கில்தான் வேலை செய்கிறது. விட்டத்தை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. இறக்கையின் உயரத்துக்குள் அடங்க வேண்டும், ரிப்பில் (இறக்கைக்கு வடிவம் தரும் விலாவில்) உள்ள துளை, பிட்டிங் (இணைப்புப் பாகம்) எல்லாம் மாறும், விட்டத்தைச் சுவரால் வகுத்தால் 50-ஐத் தாண்டும் ட்யூப்களில் அழுத்தும் பக்கம் தகர டப்பா போல உள்ளே மடங்குமா என்று தனியாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும். உங்கள் வரைபட ட்யூபில் அந்த விகிதம் 38. வரைந்தவர் அதையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்.

இன்னொன்று, இதை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். ஸ்ட்ரட் பிடிக்கும் இடத்தில் ஸ்பாருக்குள் ஒரு ஸ்லீவ், அதாவது உள்ளே நுழைக்கும் குழாய், போகும்படி வரைந்திருப்பார்கள், பாருங்கள். ஏன் தெரியுமா? ஸ்ட்ரட் சரிவாக இழுப்பதால் அதற்கு உட்பக்கம் உள்ள ஸ்பார் நீளவாக்கில் அமுங்குகிறது. ஸ்ட்ரட்டின் கீழ்முனை 1.3 மீட்டர் கீழே இருப்பதாக வைத்தால் 4ஜியில் அந்த அமுக்கம் சுமார் 600 கிலோ. வளைவினால் வரும் 228 மெகாபாஸ்கலோடு இந்த அமுக்கத்தின் 18-ஐயும் கூட்டினால் 246 ஆகிறது, 240-ஐத் தாண்டிவிடுகிறது. வெறும் ட்யூப் போதாது, அதற்குத்தான் ஸ்லீவ். உங்கள் 3 மி.மீ. ட்யூபில் உள்விட்டம் 57.5 ஆகிவிடும், வரைபடத்து ஸ்லீவ் உள்ளேயே போகாது. ஒரு அளவை மாற்றினால் அது இப்படி அடுத்ததை, அடுத்தது அதற்கடுத்ததை இழுத்துக்கொண்டே போகும்.

ஸ்லீவ் என்றதும் ஒன்று. 0.058 அங்குலச் சுவர் ட்யூப்களில் அரைக்கால் அங்குலம் சின்ன சைஸ் பெரியதற்குள் சரியாக நுழையும், அதனால்தான் சின்ன விமானக்காரர்களுக்கு அந்தச் சுவர் பிடிக்கும். உங்களுடையது 0.065, உள்விட்டம் 60.2 மி.மீ., அடுத்த சைஸ் வெளிவிட்டம் 60.3. நுழையாது. நீளவாக்கில் கீறிய ஸ்லீவைத்தான் வரைபடம் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், லேத்தில் கடைந்து நுழைக்கலாம் என்று கிளம்பாதீர்கள். ஸ்லீவின் முனையை நேராக வெட்டாமல் மீன் வாய் போல வெட்டச் சொல்லியிருந்தால் அதையும் அப்படியே செய்யுங்கள். விறைப்பு சட்டென்று மாறும் இடத்தில்தான் விரிசல் பிறக்கும்.

இனி வெல்டிங். உங்கள் வெல்டர் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது கை சம்பந்தப்பட்டதே இல்லை. 6061-டி6-இன் பலம் அடுப்பில் வைத்துப் பதமாக்கி வந்த பலம். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கலைத்துவிடுகிறது. வெல்டுக்கு இரு பக்கமும் சுமார் ஓர் அங்குலத்துக்கு, வளையத் தொடங்கும் அளவு 240-லிருந்து 105 பக்கம் இறங்கிவிடும், பாதிகூட இல்லை. பார்க்க வெல்டு பாலம் போலத் தடிமனாக இருக்கும், பக்கத்தில் உள்ள உலோகம் மிருதுவாகியிருக்கும். திரும்பப் பதப்படுத்த வேண்டுமானால் முழு ட்யூபையும் 530 டிகிரி வரை சூடாக்கி, உடனே தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு 170 டிகிரி அளவில் பல மணி நேரம் வைக்க வேண்டும். நாலரை மீட்டர் ட்யூப் தண்ணீரில் இறங்கும்போது வாழைத்தண்டு மாதிரி கோணிக்கொள்ளும். பவுடர் கோட்டிங்கும் வேண்டாம், அது இன்னொரு அடுப்பு, தவிர விரிசலை மூடி மறைக்கும்.

பன்னிரண்டு அடி பிரச்சினைக்கு இரண்டு வழி. ஒன்று, முழு நீளமாக வாங்குவது. இழுத்துச் செய்த விமான ட்யூப் பெரும்பாலும் பன்னிரண்டு அடிதான் வரும், நீளம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும், சரக்கு அனுப்பும் செலவும் அதற்கேற்ப ஏறும். இரண்டாவது, உள் ஸ்லீவும் ரிவெட்டும் வைத்து இணைப்பது. அதை எங்கே, எத்தனை ரிவெட்டில் செய்வது என்பதை வரைந்தவரிடமே எழுதிக் கேளுங்கள். பணம் கொடுத்து வரைபடம் வாங்கியிருக்கிறீர்கள், கேட்பது உங்கள் உரிமை. ஸ்ட்ரட் பிட்டிங் பக்கத்தில் மட்டும் இணைப்பு வரவே கூடாது.

2024 நல்ல உலோகம். டி3 ட்யூபுக்கு வளையத் தொடங்கும் குறைந்தபட்சம் 290 மெகாபாஸ்கல், பெரிய விமானங்களின் தோலே அந்தக் கலவைதான். ஆனால் நீங்கள் 'மெல்லிசாகப் போடலாமா' என்று கேட்டீர்களே, அங்கேதான் சிக்கல். நீளமான கம்பு நீளவாக்கில் அமுங்கும்போது பக்கவாட்டில் துவண்டு போவது உலோகத்தின் பலத்தைப் பொறுத்ததில்லை, விறைப்பைப் பொறுத்தது. அலுமினியத்தில் எந்தக் கலவை எடுத்தாலும் விறைப்பு ஏறக்குறைய 70 ஜிகாபாஸ்கல்தான். உங்கள் ஸ்பாரின் உட்பக்க 2.8 மீட்டர் துவளும் சுமை இப்போது சுமார் 1350 கிலோ, வேலை சுமை 600, ஒன்றரை மடங்குப் பாதுகாப்போடு 900. சுவரைக் குறைத்தால் 1350 கிடுகிடுவென்று இறங்கும், 2024 என்ற பெயர் அதைத் தூக்கிப் பிடிக்காது. துருவும் 6061-ஐவிடச் சீக்கிரம் பிடிக்கும், ட்யூபின் உட்பக்கம் உங்களால் பார்க்கவே முடியாத இடம். 7075 என்ற இன்னொரு கலவை பற்றி யாராவது சொல்வார்கள், அதை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

உள்ளூரில் கிடைக்கும் ஒன்றைக் கேட்டால் நான் சொல்வது எச்இ 30. நம் இந்தியத் தரப் பெயர்களில் 64430, உலகப் பெயரில் 6082. பீன்யாவில் எல்லாருக்கும் தெரியும், உங்கள் ஷாப்பிலேயே கட்டையாக ஓட்டியிருப்பீர்கள். எச்இ 9 என்று சொன்னால் அது 6063, எச்இ 20 என்றால் 6061. எச்இ 30-க்குப் பக்கத்தில் டபிள்யூபி என்று இருந்தால்தான் டி6 பதம். அந்தப் பதத்தில் மெல்லிய சுவர் ட்யூபுக்குக் குறைந்தபட்சம் 250 மெகாபாஸ்கல், 6061-டி6-க்குச் சளைத்ததில்லை. ஆனால் அதே அளவு ட்யூப் கிடைக்க வேண்டும், வரைந்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அச்சில் தள்ளிச் செய்த ட்யூப்களில் நீளவாக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுக்கோடுகள் இருக்கக்கூடும் என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டும்.

எதை வாங்கினாலும் மில் டெஸ்ட் சர்டிபிகேட் (ஆலை தரும் சோதனைச் சான்று) கேளுங்கள். அதில் உள்ள ஹீட் நம்பரும் (ஒரே உருக்கில் வந்த சரக்கின் எண்) ட்யூபிலோ கட்டின் லேபிளிலோ உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜெராக்ஸ் காகிதம் மட்டும் வந்தால் வாங்காதீர்கள். பிறகு ஒரு முழம் வெட்டி என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபில் ஸ்பெக்ட்ரோவும் டென்சைலும் (இழுத்துப் பார்க்கும் சோதனை) கொடுங்கள். ஸ்பெக்ட்ரோ கலவையைச் சொல்லும், 6061 என்றால் மெக்னீசியம் 0.8-லிருந்து 1.2 சதவீதம், செம்பு 0.15-லிருந்து 0.4 இருக்கும். 6063-இல் செம்பு 0.1-ஐத் தாண்டாது. இந்த இரண்டில் டெம்பரைச் சொல்வது டென்சைல் மட்டும்தான், ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டைப் பார்த்துத் திருப்திப்பட்டு நின்றுவிடாதீர்கள். சுவர்த் தடிமனை இரண்டு முனையிலும் நாலு நாலு இடத்தில் அளந்து பாருங்கள். சர்பேஸ் பிளேட்டில் உருட்டிப் பாருங்கள். நசுங்கல் இருந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அந்த ட்யூப் ஸ்பாருக்கு ஆகாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. 6061 ட்யூபின் மீதித் துண்டை 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு முட்டுகளின் மேல் வைத்து, நடுவில் ட்யூபின் வளைவுக்கேற்பக் குடைந்த அகலமான மரக்கட்டை போட்டு, அதிலிருந்து நாலு சிமெண்ட் மூட்டை, 200 கிலோ, தொங்கவிடுங்கள். நடுவில் சுமார் 31 மி.மீ. இறங்க வேண்டும். மூட்டையை எடுத்ததும் பழையபடி நேராக வந்துவிட வேண்டும், நூல் பிடித்துப் பாருங்கள். வளைந்தபடி நின்றால் அந்தச் சரக்கு முழுவதையும் திருப்பிக் கொடுங்கள். நேராக வந்தால் அது சர்டிபிகேட்டுக்குப் பதில் ஆகாது, ஆனால் ராத்திரி தூக்கம் வரும். அந்தத் துண்டைத் திரும்ப விமானத்தில் போடக் கூடாது.

துளை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட முடியாது. நல்ல ட்யூப் வாங்கியவர்களும் கெடுத்துக்கொள்வது இங்கேதான். ஸ்பாரின் மேலும் கீழும் 8 மி.மீ. போல்ட் துளை போட்டால் வளைவைத் தாங்கும் திறனில் ஆறில் ஒரு பங்கு அந்த நிமிடமே போய்விடும். அதே துளையைப் பக்கவாட்டில், நடுக்கோட்டில் போட்டால் இழப்பு ஏறக்குறைய இல்லை. அதனால் வரைபடம் பக்கவாட்டில் போட்டிருந்தால் ஸ்பேனர் நுழையவில்லை என்று மேலிருந்து போடாதீர்கள். உள்ளே புஷ் (சிறு குழாய்த் துண்டு) வைக்காமல் நட்டை இறுக்கினால் ட்யூப் முட்டை வடிவமாகிவிடும். அரை மி.மீ. சிறிதாகத் துளைத்து ரீமர் ஓட்டுங்கள், ஓரத்துப் பிசிறை விரலுக்குத் தட்டாத அளவு எடுங்கள். அலுமினியத்துக்கு எஃகு போல 'இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை ஆட்டினாலும் களைப்பு வராது' என்ற எல்லை கிடையாது, ஒவ்வொரு பறப்பும் அந்தத் துளையோரத்தில் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். எஃகு பிட்டிங் அலுமினியத்தைத் தொடும் இடமெல்லாம் எபாக்சி பிரைமர் அடியுங்கள்.

ஒரு விஷயம் சுருக்கமாக. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவில் பதிவும் அனுமதியும் இல்லாமல் சொந்தமாகக் கட்டிய விமானம் ஓர் அடிகூட மேலே எழும்பக் கூடாது, நம் ஊரிலோ எச்ஏஎல், எலகங்கா, தேவனஹள்ளி என்று விமானத்தளங்களால் வானமே நெரிசல். மும்பையில் மொட்டைமாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ் அதை 2016-இல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்தார், பதிவு கிடைத்தது 2017-இல்தான். உங்கள் ஸ்பார் சர்டிபிகேட், லேப் ரிப்போர்ட், துளை போடும்போது எடுத்த போட்டோ எல்லாவற்றையும் ஒரு பைலில் இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். பின்னால் கேட்பார்கள். ஏர்பிரேம் (விமான உடற்கட்டு) வேலை தெரிந்த ஒருவரை, விமானத்தளம் உள்ள ஜக்கூர் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள், இறக்கைக்குத் துணி மூடுவதற்கு முன்னால் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரட் பிடிக்கும் இடத்தின் சரியான தூரத்தையும் ஸ்லீவின் நீளத்தையும் எழுதி அனுப்பினால் மேலே போட்ட கணக்கை உங்கள் விமானத்துக்கே சரியாகப் போட்டுத் தருகிறேன். பின் ஸ்பாருக்கு வேகமாகப் பறக்கும்போதுதான் சுமை ஏறும், அதன் கணக்கு வேறு, அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

வாங்கிவிட்ட அந்த இரண்டு 6063 ட்யூபும் வீணில்லை. இறக்கையைக் கிடத்தி ரிப் ஒட்ட ஒரு ஸ்டாண்ட் வேண்டும், அதற்கு அவை தாராளம். ஆனால் இன்றைக்கே, கடையிலிருந்து வந்த முழு நீளத்துக்கும், சிவப்பு பெயிண்டில் ஒரு பட்டை அடித்துவிடுங்கள். அதே இரண்டரை அங்குலம், அதே நிறம். நல்ல ட்யூப் வந்து இறங்கும் நாளில் இரண்டும் ஒரே மூலையில் சாய்ந்து நின்றால், முனை வெட்டிய பிறகு எது எது என்று உங்கள் நண்பருக்குத் தெரியாது.